மகள் பாடம் நடத்தும் தீவுக்கு

கேள்வி: எங்கள் மகளுக்கு 31 வயது. மாலத்தீவின் வடக்கே, ஹா தாலு பகுதியில் ஒரு சின்னத் தீவுப் பள்ளியில் நாலு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வந்து போவாள். இந்த முறை "நீங்க ரெண்டு பேரும் இங்க வாங்க" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எனக்கு 58 வயது, எட்டாவதுவரை படித்திருக்கிறேன், பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று போட்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 64. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார், முதுகுவலியும் உண்டு. இரண்டு பேரும் விமானம் ஏறியதில்லை. படகு என்றாலே எனக்குப் பயம். அவள் லீவில் இருக்கும்போது போவதா, பள்ளி நடக்கும்போது போவதா? எத்தனை நாள் இருக்கலாம்? என்னென்ன கொண்டுபோகலாம்? பூஜைக்கு என் வெங்கலப் பிள்ளையாரை எடுத்துப் போகலாமா? இன்னொன்று, கல்யாணம் தள்ளிக்கொண்டே போகிறது. நேரில் பேசி, வேலையை விடச்சொல்லி, கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று இவர் நினைக்கிறார். அவளிடம் இதைச் சொல்லவில்லை.
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்:

அன்புள்ள அம்மா,

விசா, மருந்து, படகு என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே இரண்டு மூன்று வரி, அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இருபது வருடமாகப் பயண முகவர் வேலை செய்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் எத்தனையோ பேருக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். திரும்பி வந்து அவர்கள் என்னிடம் சொல்லி வருத்தப்படுவது பெட்டி தொலைந்ததைப் பற்றியோ விமானம் தாமதமானதைப் பற்றியோ குறைவுதான். "போன இடத்துல பேச்சு முத்திப் போச்சு" என்று சொல்லிக் கண் கலங்கியவர்கள்தான் அதிகம்.

மகளைப் பார்க்கப் போகிறீர்களா, கூட்டிவரப் போகிறீர்களா? இதை உங்கள் வீட்டிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள். கூட்டிவரத்தான் போகிறோம் என்றால் டிக்கெட்டே போட வேண்டாம் என்று சொல்வேன். அவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவள். நடுவில் விட்டால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், எதையெல்லாம் இழக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். ஒரு ராத்திரி பேசி மறுநாள் பெட்டி கட்டுகிற காரியம் கிடையாது. அதைவிட முக்கியம், அது சின்னத் தீவு. ஆசிரியர்களுக்குக் கிடைக்கும் வீடு ஒரு அறையாக இருக்கும், இல்லாவிட்டால் இன்னொரு டீச்சரோடு பங்கு போட்டுக்கொள்கிற வீடாக இருக்கும். அங்கே குரல் உயர்ந்தால் அவள் எழுந்து போய் நிற்க ஓர் இடம் இல்லை. விடிந்தால் அதே தெரு வழியாக நடந்து போய், அதே பிள்ளைகள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும்.

கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றவர்கள் கவலைப்படத்தான் செய்வீர்கள். அதை அவள் நாகர்கோவிலுக்கு வரும்போது, அவள் வளர்ந்த வீட்டில் வைத்துப் பேசுங்கள். இந்தப் பயணத்தில் அவள் எப்படி வாழ்கிறாள் என்று பாருங்கள், அது போதும். பார்த்துவிட்டு வந்து நீங்கள் பேசினால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஐயாவிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபம் என்மேல் வந்தாலும் பரவாயில்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் அண்ணனும் அங்கே ஒரு தீவில் ஆசிரியராக இருந்தான். அம்மாவை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாளே அம்மா "திரும்பிடலாம்ல" என்றார். அண்ணன் காலையில் பள்ளிக்குப் போய்விடுவான், அவருக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. பேச ஆளும் இல்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நம் சிரவை மாதிரியே, உட்காரும் பலகையோடு சேர்ந்த துருவி. ஹுனிகொண்டி என்பார்கள். அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் கையைக் காட்டி, நகரச் சொல்லி, தானே உட்கார்ந்து துருவ ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு அவர்கள் பேசும் திவேஹி மொழி தெரியாது, அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. மறுநாளிலிருந்து அம்மாவை வீட்டில் பார்க்கவே முடியவில்லை. அவர் என்னிடம் பிறகு சொன்னது ஒன்றுதான்: "அந்தப் பொம்பள அண்ணனை அவ புள்ள மாதிரி பாத்துக்குறா, எனக்கு இப்ப நிம்மதி." நாலு வருடமாகத் தொலைபேசியில் அண்ணன் எத்தனையோ தடவை சொல்லியும் வராத நிம்மதி அது.

அதனால்தான் பள்ளி நடக்கும்போது போங்கள் என்கிறேன். லீவில் அவளே இங்கே வந்துவிடுவாள், அந்த நாட்களில் அங்கே போவதால் உங்களுக்கு என்ன தெரியும்? பள்ளி நாளில் போனால் காலையில் சீருடைப் பிள்ளைகள் "மிஸ்" "மிஸ்" என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போவதைக் கேட்பீர்கள். அங்கே கணக்கை ஆங்கிலத்தில்தான் நடத்துகிறார்கள், மேல் வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுவார்கள். அதற்கு இந்தியாவிலிருந்து போன ஆசிரியர்களைத்தான் பல தீவுகள் நம்பியிருக்கின்றன. உங்கள் பெண் அந்த ஊருக்கு என்னவாக இருக்கிறாள் என்பது அங்கே தெருவில் நடந்தாலே தெரிந்துவிடும். பள்ளியைப் பார்க்க ஆசை இருந்தால் முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் அவளே அனுமதி வாங்கட்டும், நீங்களாக வகுப்பு வாசலில் போய் நிற்க வேண்டாம். வார விடுமுறை அங்கே வெள்ளி, சனி. ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு.

எந்த மாதம் என்றால், ஜனவரி. வடகிழக்குக் காற்றுக் காலத்தில், ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை, கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. ஆனி, ஆடியில் நம் ஊர்க் கடல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், அங்கேயும் அப்படித்தான். இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. அப்போது பகலில் உணவகம் திறக்காது, வெளியில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, பள்ளி நேரமும் மாறிவிடும். இன்சுலின் போடுகிறவரை வைத்துக்கொண்டு அந்த மாதத்தில் பயணம் வேண்டாம். பள்ளி நாட்காட்டி அங்கே சமீப வருடங்களில் மாறி மாறி வந்திருக்கிறது. அதனால் தேதியை மகளிடம் கேட்டு உறுதி செய்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

பாஸ்போர்ட்டைப் பற்றிப் பயப்படாதீர்கள். ஈ.சி.ஆர்., அதாவது குடியேற்ற அனுமதி பார்க்க வேண்டும் என்கிற முத்திரை, வேலைக்குப் போகிறவர்களுக்காக, அதுவும் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு. மாலத்தீவு அந்தப் பட்டியலில் கிடையாது. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் இலவசமாக 90 நாள் விசா தருகிறார்கள். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. திரும்பி வரும் டிக்கெட்டும், தங்குமிட விவரமும், செலவுக்குக் கொஞ்சம் டாலரும் கையில் இருக்க வேண்டும். மகளோடு தங்குகிறீர்கள் என்றால் அவளுடைய முகவரி, தொலைபேசி எண், வேலை அனுமதி அட்டையின் நகல் எல்லாவற்றையும் ஒரு தாளில் வைத்துக்கொள்ளுங்கள். தான் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரரிடமும் பள்ளியிலும் "அப்பா அம்மா வருகிறார்கள்" என்று அவள் முன்பே சொல்லிவைக்கட்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற அரசு இணையதளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும், திரும்பும்போதும் இதே மாதிரி. இதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற இணையதளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். மகளே அங்கிருந்து நிரப்பி உங்கள் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட முடியும்.

வழியைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து தலைநகர் மாலேவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் விமானம். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போகிற நேரமே அதைவிடக் கூடுதலாக இருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து, உங்கள் மகள் இருக்கும் பகுதியிலேயே விமான நிலையம் உள்ள ஹனிமாது தீவுக்கே நேராக விமானம் போன காலம் உண்டு. நீங்கள் போகிற நாட்களில் இருக்கிறதா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள், இருந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. இல்லாவிட்டால் மாலேயில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் ஹனிமாதுவோ, அதே பகுதியில் இருக்கும் குல்ஹுதுஃபுஷியோ போக வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள். சின்ன விமானம், இறக்கையில் காற்றாடி சுற்றும், சத்தம் கொஞ்சம் அதிகமாக இருக்கும், பயப்பட ஒன்றுமில்லை. டிக்கெட்டில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளியாட்களுக்கு வேறு விலை. "மகள் போன டிக்கெட்டைவிட எங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், ஏமாற்று என்று நினைக்க வேண்டாம்.

அப்புறம் படகு. உங்கள் பயமே இதுதானே. மாலத்தீவு என்பது கிட்டத்தட்ட 1,200 சின்னத் தீவுகள். அவை வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. ஒரு வளையத்தை அவர்கள் அதோளு என்கிறார்கள். ஆங்கிலப் புவியியல் புத்தகங்களில் இருக்கும் 'அடோல்' என்ற சொல் இதிலிருந்துதான் போனது. வளையத்துக்குள் தண்ணீர் அடங்கி இருக்கும், வெளியே வந்து ஆழ்கடல் வாயைக் கடக்கும்போதுதான் தூக்கிப்போடும். மாலேயிலிருந்து நேராகப் படகில் போகலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், வடக்கே அவ்வளவு தூரம் உங்கள் இருவருக்கும் ஆகாது. உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து உங்கள் தீவுக்குப் பகல் வெளிச்சத்தில் படகு ஏறுங்கள்.

விரைவுப் படகு என்றால் ஐயாவைப் பின்பக்கம், எஞ்சினுக்கு அருகில் உட்கார வையுங்கள். முன்பக்கம் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும் என்று எல்லோரும் அங்கேதான் போவார்கள். ஆனால் அலை அடிக்கும்போது முன்பக்கம்தான் எழும்பி விழும், முதுகெலும்பு அத்தனை அடியையும் வாங்கும். ஒரு தலையணையோ மடித்த போர்வையோ கீழே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் வயிற்றைக் காலியாக வைக்காமல், நிரப்பவும் செய்யாமல், இரண்டு இட்லி அளவு சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். தொலைபேசியைப் பார்க்காமல் தூரத்துக் கரையைப் பாருங்கள். வாந்தி மாத்திரை வேண்டுமானால் உங்கள் டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. உயிர்காப்பு அங்கியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள், யாரும் போடவில்லை என்று கூச்சப்பட வேண்டாம்.

திரும்பும்போது நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். தீவிலிருந்து கிளம்பி அன்று மாலையே மாலேயில் விமானம் ஏறும்படி போட்டிருந்தேன். காலையில் காற்று எழும்பிப் படகை நிறுத்திவிட்டார்கள். டிக்கெட் போனது, அம்மா துறைமுகத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மாலேக்குப் பக்கத்தில் ஹுல்ஹுமாலேயில் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி இடைவெளி விடுங்கள். விமான நிலையத்திலிருந்து ஹுல்ஹுமாலேக்குச் சாலையிலேயே போய்விடலாம், 2018-இல் பாலம் திறந்த பிறகு மாலேக்கும் அப்படித்தான். அந்த ஒரு ராத்திரிச் செலவில் கஞ்சம் பார்க்காதீர்கள்.

மருந்து. இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், பெட்டியில் போட்டால் விமானத்தின் அடியில் உறைந்து கெட்டுவிடலாம். தங்கும் நாட்களுக்கு வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். படகு நின்றால் தீவில் அதே வகை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள், மருந்துச் சீட்டின் மூலப் பிரதியும் கூடவே இருக்கட்டும். மாத்திரைகளைப் பட்டையிலிருந்து பிய்த்து டப்பாவில் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். முதுகுவலிக்கு வலுவான வலி மாத்திரையோ, தூக்க மாத்திரையோ எழுதிக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் கேட்பதைவிட மகள் அங்கே மருந்துத் துறையில் கேட்டுச் சொல்வது நல்லது. சில வகைகளுக்கு முன் அனுமதி வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் சின்ன மருத்துவ நிலையமாவது இருக்கும், பெரிய வைத்தியத்துக்குக் குல்ஹுதுஃபுஷிக்கோ மாலேக்கோ போக வேண்டும். மாலேயில் இருக்கும் பெரிய அரசு மருத்துவமனை இந்திய உதவியில் கட்டி 1995-இல் திறந்தது, இந்திரா காந்தி பெயர். ஆனால் தீவிலிருந்து அங்கே அவசரமாகக் கொண்டுபோகிற செலவுதான் குடும்பத்தைச் சாய்த்துவிடும். அந்தச் செலவையும், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயையும் சேர்த்துக்கொள்கிற பயணக் காப்பீடு எடுங்கள். சர்க்கரையை மறைத்து எடுத்த காப்பீடு காகிதத்துக்குச் சமம்.

பிள்ளையார் விஷயம் உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். எடுத்துப்போகாதீர்கள். அது இஸ்லாமிய நாடு. வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவருவதை அவர்கள் சட்டம் தடுக்கிறது. சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டி வரும், எத்தனை வருடம் கும்பிட்ட மூர்த்தியை அப்படி விட உங்கள் மனம் தாங்காது. மதுவும் பன்றி இறைச்சியும் கூடாது என்பது உங்களுக்குப் பிரச்சினை இருக்காது. காலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடி நின்று கும்பிடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வாசலில் விளக்கு, சத்தமாகப் பாட்டு, மணி எதுவும் வேண்டாம். மகள் அங்கே வேலை பார்க்கிறவள், பேச்சு அவள்மேல் வரக்கூடாது.

உடை பற்றி யோசிக்கவே வேண்டாம். சேலை போதும். ஐயா முண்டு கட்டிக்கொள்ளலாம். அங்கே பெரியவர்களும் கட்டுகிறார்கள், அவர்களும் அதை முண்டு என்றுதான் சொல்கிறார்கள்! படகுக்குத் தோணி, முருங்கைக்கு முரங்கா. நாகர்கோவில்காரர்களுக்கு அந்த ஊர் பாதி புரியும்.

சாமான் கட்டும்போது எல்லா அம்மாக்களும் ஒரே தவறு செய்கிறார்கள். தேங்காயும் கறிவேப்பிலையும் கட்டுகிறார்கள். தேங்காய் அங்கே காலடியில் கிடக்கும், கறிவேப்பிலையும் முருங்கையும் வீட்டு முற்றத்தில் வளர்க்கிறார்கள். பச்சையாக எதையும், செடி, விதை, காய், கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. அங்கே கிடைக்காதது பச்சைக் காய்கறி வகைகளும் நம் பொடிகளும். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் படகில்தான் வரும், தூத்துக்குடித் தோணிகளே மாலேக்குக் காய்கறி ஏற்றிப் போகின்றன. படகு தாமதித்த வாரத்தில் உங்கள் பெண் டப்பா மீனும் பருப்பும் வைத்துச் சமாளித்திருப்பாள், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அதனால் சாம்பார்ப் பொடி, புளிக்குழம்புப் பொடி, அப்பளம், வற்றல், கடையில் ஒட்டிய பொட்டலமாக வாங்கிக்கொள்ளுங்கள். உள்நாட்டு விமானத்தில் எவ்வளவு எடை என்று டிக்கெட்டில் பார்த்து அதற்குள் கட்டுங்கள். வெளிநாட்டு விமானத்தில் ஏற்றிய முப்பது கிலோவை மாலேயில் பிரித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம், பக்கத்து வீட்டுக்கும் உடனிருக்கும் டீச்சருக்கும் என்று இரண்டு பொட்டலம் நேந்திரம் சிப்ஸ் தனியாக வையுங்கள்.

ஐயாவுக்கு ஒரு எச்சரிக்கை. போகிற வீட்டிலெல்லாம் சீனி தூக்கலாகத் தேநீரும் ஹெதிகா என்கிற மீன் பலகாரமும் வைப்பார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்கள். 'சீனி வேண்டாம்' என்பதைத் திவேஹியில் எப்படிச் சொல்வது என்று முதல் நாளே மகளிடம் கற்றுக்கொள்ளட்டும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். பதினைந்து நாள். ஒரு வாரம் போனால் பழகும் முன்னே கிளம்ப வேண்டும், மாதக்கணக்கில் தங்கினால் அந்தச் சின்ன அறையில் அவளுக்கு மூச்சு முட்டும். அவள் இல்லாத நேரத்தில் அலமாரியை அடுக்கி வைக்காதீர்கள். சமையலை ஒரு வேளை நீங்கள் செய்யுங்கள், ஒரு வேளை அவள் செய்வதைச் சாப்பிடுங்கள். சாயங்காலம் பாடம் கேட்கப் பிள்ளைகள் வந்தால், நீங்கள் இருவரும் எழுந்து துறைமுகப் பக்கம் நடந்து வாருங்கள். தீவு சமதரை, முட்டிக்கு நோவு இல்லை. கரையில் கம்பிச் சட்டத்தில் வலை பின்னித் தொங்கவிட்ட ஜோலி என்ற இருக்கைகள் வரிசையாக இருக்கும், ஊர்ப் பெரியவர்கள் அதில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். உட்காரும்போது பின்னால் தள்ளி உட்காருங்கள், ஐயாவுக்கு முதுகுக்கு இதமாக இருக்கும். "கணக்கு மிஸ்ஸின் அப்பா" என்று யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் வந்து உட்காருவார்.

டிக்கெட் போடும் முன் மகளிடம் பள்ளித் தேதியைக் கேளுங்கள். கிளம்பும் நாளுக்கு முன்னால் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, பிள்ளையாருக்குப் பதினைந்து நாள் விளக்கேற்றச் சொல்லிவிட்டுப் போங்கள்.